அதே இடிக்கு ஒரு தடவை கொடி, இன்னொரு தடவை இல்லை: ஏன்?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அமெரிக்க ஃபுட்பால் நாலு வருடமாகப் பார்க்கிறாராம். பந்து பிடிக்கப் போகும் ரிசீவரை டிஃபெண்டர் இடித்தால் ஒரு தடவை, தவறு என்று நடுவர் எறியும் மஞ்சள் கொடி விழுகிறது, அதே மாதிரி இடிக்கு அடுத்த தடவை விழுவதில்லை. பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு விதி என்று ஒன்று இருக்கிறதா, இல்லை எல்லாம் நடுவர் இஷ்டமா? பின்னால் பணம் விளையாடுகிறதா? வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதை இங்கே நடக்கிறதா என்று.

நான் ஒஹையோவில் பகலில் கணினி வேலை பார்ப்பவன். பதினோரு சீசனாக வெள்ளிக்கிழமை இரவுகளில் ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். பெரும்பாலும் பேக் ஜட்ஜ், அதாவது ஐந்து பேர் குழுவில் டிஃபென்ஸுக்கும் பின்னால் தனியாக நிற்கிற ஆள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் மைதானத்தில் கால் வைத்ததில்லை. அங்கே ஓடுகிறவர்களின் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்குமா என்பதே சந்தேகம். ஆகவே ப்ரோ ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வது விதிப் புத்தகத்தையும் எல்லோரும் பார்த்த ஆட்டங்களையும் வைத்து. களத்தில் நிற்பவன் தலைக்குள் என்ன ஓடும் என்பது மட்டும் சொந்தச் சரக்கு.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். விதி இருக்கிறது, நீளமாகவே இருக்கிறது. என்எஃப்எல்லில், ஒவ்வொரு விளையாட்டும் தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்கு ஒரு யார்டுக்கு அப்பால், எறியப்பட்ட பந்தைப் பிடிக்க ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுத்தால் அது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். டிஃபெண்டருக்கு இந்தத் தடை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் பந்து கிளம்பியதும் தொடங்கும். ரிசீவர் பக்கத்துக்கு ஸ்னாப் ஆனதிலிருந்தே, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கியதிலிருந்தே உண்டு. யாராவது பந்தைத் தொட்டுவிட்டால் இருவருக்கும் தடை முடிந்தது. என்னென்ன செய்யக்கூடாது என்பதும் எழுதியே இருக்கிறது: பந்தைப் பார்க்காமல் வந்து மோதுவது, முதுகு வழியாகப் பாய்வது, கையைப் பிடித்துக்கொள்வது, மார்புக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுப்பது, ஓடும் வழியை மறித்து மோதுவது, கொக்கி போட்டு உடம்பைத் திருப்பிவிடுவது, தள்ளிவிட்டு இடைவெளி உண்டாக்கிக்கொள்வது. இந்தக் கடைசிக் காரியத்தைப் பெரும்பாலும் ரிசீவர்தான் செய்வார். விதி இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதையே பல ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. இருவருமே பந்துக்குப் போகும்போது நேரும் தற்செயலான மோதல், கால் தடுக்கிக்கொள்வது, வாய்ப்பைக் கெடுக்காத அளவுக்குக் கை மேலே படுவது, யார் என்ன செய்தாலும் பிடிக்க முடியாத தூரத்தில் போகும் பந்து. சண்டை முழுக்க அந்தக் 'குறிப்பிடத்தக்க அளவில்' என்ற சொல்லுக்குள் நடக்கிறது. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ நினைவிருக்கும். பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா என்று மூன்றையும் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அங்கேயே கடைசியில் 'அம்பயர்ஸ் கால்' என்று ஒரு சந்தேகப் பங்கு ஒதுக்கியிருக்கிறது. இங்கே ஸ்டம்பும் கிடையாது, கோடும் கிடையாது. ஓர் ஆளின் வாய்ப்பு எவ்வளவு கெட்டது என்பதை எந்தக் கேமராவாலும் அளக்க முடியாது.

அடுத்தது, 'அதே மாதிரி இடி' என்று நீங்கள் சொல்வதில் கணிசமான பங்கு அதே மாதிரி இடியே அல்ல. பந்து காற்றில் போகும்போது சட்டையைப் பிடித்தால் அது இன்டர்ஃபியரன்ஸ் ஆகலாம். பந்து கையை விடுவதற்கு முன் அதே சட்டையைப் பிடித்தால் ஹோல்டிங், ஐந்து யார்டும் புது டவுனும் (மறுபடி முதலிலிருந்து நாலு முயற்சி). ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தள்ளினால் இல்லீகல் கான்டாக்ட், அதுவும் குவார்ட்டர்பேக் பந்தோடு பாக்கெட்டுக்குள், அதாவது தன் ஆட்கள் சுற்றி நின்று காக்கும் இடத்துக்குள் இருக்கும்வரைதான். டிவியில் மூன்றும் ஒரே இழுபறியாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை ஹைஸ்கூல், சனிக்கிழமை கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் என்று மூன்று நாளும் மூன்று விதிப் புத்தகம். கல்லூரி ஆட்டத்தில் அந்த ஐந்து யார்டு விதி கிடையாது. டிஃபெண்டர் செய்த இன்டர்ஃபியரன்ஸுக்குத் தண்டனை அங்கே அதிகபட்சம் 15 யார்டு. என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள், அது 50 யார்டாக இருந்தாலும் சரி. டச்டவுன் போடும் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் நடந்தால் ஒரு யார்டு கோட்டில். நாங்கள் ஹைஸ்கூலில் 2013 முதல் இந்தத் தவறுக்குத் தானாகப் புது டவுன் தருவதில்லை. தொடாமலே முகத்துக்கு நேரே கையை ஆட்டி மறைப்பதும் 2016 சீசன் வரை எங்களுக்குத் தவறு, அதற்குப் பிறகு இல்லை. மகனின் பள்ளி ஆட்டத்தை வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிவி முன் உட்காருகிற அப்பாவுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

கண்ணில் பட்டதும் கொடியை எறிவது எவ்வளவு எளிதில் தப்பாகும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். மூன்றாவது சீசன், அக்டோபர், தூறல். நான் பேக் ஜட்ஜ், சுமார் இருபது யார்டு பின்னால் நிற்கிறேன். டவுன் எண்ணிக்கை மறக்காமல் இருக்க விரல்களில் மாட்டிய எலாஸ்டிக் வளையம் நனைந்து உறுத்துகிறது. ஓரக்கோட்டை ஒட்டி நீளமாக ஒரு பாஸ். நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்: தலையைத் தூக்கிப் பந்தைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் மழைத்துளிகளுக்கு நடுவே பந்து சுழன்று வருவது அழகாகத்தான் இருந்தது. அதன் பின்னாலேயே பார்வையைக் கீழே கொண்டுவந்தபோது 'தொப்'பென்று ஒரு சத்தம், ரிசீவர் தரையில் கிடக்கிறான், டிஃபெண்டர் அவன் மேல். கொடி என் இடுப்பிலிருந்து எப்போது கிளம்பியது என்றே தெரியாது. அந்தப் பக்கத்துப் பயிற்சியாளர் கையிலிருந்த அட்டையைத் தரையில் அடித்தார். மறுநாள் வீடியோவில் பார்த்தால், டிஃபெண்டர் திரும்பிப் பந்தைப் பார்த்திருக்கிறான், இரண்டு கையும் பந்துக்குத்தான் போயிருக்கின்றன, தோளும் தோளும் பட்டது அதற்குப் பிறகு. ஒழுங்கான தடுப்பாட்டம். கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

எங்கள் குழுவின் மூத்தவர், முப்பது வருடம் நின்றவர், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அவன் இவனுக்கு என்ன செய்தான்?" நான் "இடித்தான்" என்றேன். "இடித்தான் என்று புத்தகத்தில் எங்கே இருக்கிறது?" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கொடியில் கை வைக்கும் முன் மனதுக்குள் பெயர் சொல்லிவிடுவேன்: கை பிடித்தது, முதுகு வழி வந்தது, குறுக்குக் கை. பெயர் வரவில்லை என்றால் கொடி கிடையாது. இதனால் சில கொடிகள் அரை விநாடி, ஒரு விநாடி தாமதமாக விழும். அரங்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஒருவர் கத்தியதைக் கேட்டு எறிந்த மாதிரி இருக்கும். உண்மையில் பெரும்பாலும் தாமதக் கொடிதான் யோசித்து விழுந்த கொடி.

இந்தத் தாமதக் கொடிகளுக்கெல்லாம் தாத்தா 2003 ஜனவரி 3ஆம் தேதி ஃபியஸ்டா பௌலில் விழுந்தது. மியாமிக்கும் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் கல்லூரி சாம்பியன்ஷிப். முதல் கூடுதல் நேரத்தில் மியாமி 24-17 முன்னிலை. ஒஹையோ ஸ்டேட்டின் நாலாவது டவுன் பாஸ் தரையில் விழுந்தது. வாணவேடிக்கை வெடித்தது, மியாமி ஆட்டக்காரர்கள் வெற்றி பெற்றதாக மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஃபீல்ட் ஜட்ஜ் டெர்ரி போர்ட்டரின் கொடி விழுந்தது. முதலில் ஹோல்டிங் சைகை, பிறகு இன்டர்ஃபியரன்ஸ். மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன் என்று அவர் பிறகு விளக்கம் சொன்னார். ஒஹையோ ஸ்டேட் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 31-24 என்று ஜெயித்தது. நான் இருக்கிற ஊரில் அது நூற்றுக்கு நூறு சரியான கொடி. மியாமிக்காரரிடம் கேட்டால் இருபது வருடம் கழித்தும் முகம் சிவக்கும். என் கருத்து: ஸ்னாப்பிலிருந்து பார்த்தால் டிஃபெண்டர் கையை வைத்து இழுத்தது இருக்கிறது. கடைசி நொடியை மட்டும் பார்த்தால் கொடிக்கு வேலை இல்லை என்றுதான் தோன்றும். எந்தத் துண்டை வெட்டிக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதே ஆட்டம் இரண்டு தீர்ப்பு தரும்.

சரி, சீர்மை என்கிற விஷயத்துக்கு வருகிறேன். 'சீராக இருக்கவேண்டும்' என்று நாம் சொல்லும்போது வெவ்வேறு சமாச்சாரங்களை ஒரே பையில் போட்டுவிடுகிறோம். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பது ஒன்று. இது நியாயமான எதிர்பார்ப்பு, இதில் நாங்கள் தவறினால் திட்டு வாங்கவேண்டியதுதான். போன வாரம் வேறு குழு கொடி போட்டதை இந்த வாரம் இந்தக் குழுவும் போடவேண்டும் என்பது இன்னொன்று. இது ஓரளவுக்குத்தான் நடக்கும், ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு நீதிபதிகள் வேறு வேறு தண்டனை கொடுப்பதில்லையா? மூன்றாவதுதான் முள்: முதல் கால் மணியில் கொடி போட்டதைக் கடைசி இரண்டு நிமிடத்திலும் போடுவீர்களா?

முதல் வகைக்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் 2021 ஜனவரி 24, கிரீன் பேயில் பேக்கர்ஸும் தம்பா பே பக்கனீர்ஸும் ஆடிய என்எஃப்சி இறுதி (என்எஃப்எல்லின் இரண்டு பிரிவுகளில் ஒன்றின் இறுதி ஆட்டம்). முதல் பாதியின் கடைசியில் தம்பா பேயின் ஷான் மர்ஃபி-பன்டிங், பேக்கர்ஸின் ஆலன் லசார்டின் சட்டையைப் பிடித்தபடியே பந்தைத் தட்டிப் பறித்தார். கொடி இல்லை. அடுத்த சில விளையாட்டுகளிலேயே தம்பா பே டச்டவுன் போட்டது. ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் பேக்கர்ஸின் கெவின் கிங், டைலர் ஜான்சனின் சட்டையைப் பிடித்தார். கொடி விழுந்தது. தம்பா பே நேரத்தை ஓட்டி 31-26 என்று ஜெயித்தது. கிங் செய்தது தவறா? தவறுதான், சட்டை ரப்பர் மாதிரி நீண்டது உலகத்துக்கே தெரிந்தது. அப்படியானால் முந்தியது? அதுவும் தவறுதான். இரண்டாவது கொடியை எடுத்துவிட்டால் ஆட்டம் சீராகிவிடுமா, முதலில் விட்டதைச் சேர்த்தால் சீராகுமா? பேக்கர்ஸ் ரசிகர்கள் இரண்டாவது கொடியை எடுக்கச் சொல்கிறார்கள், நான் முதலில் விட்டதைச் சேர்க்கச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் நடந்தது பெரும்பாலும் கோணம்: முதல் இழுப்பு இரண்டு உடம்புகளுக்கு நடுவே நடந்தது, இரண்டாவது வெட்டவெளியில். பார்க்காததற்குக் கொடி போட நடுவருக்கு உரிமை இல்லை. ஆனால் 'மறைந்திருந்தது' என்ற சமாதானம் தோற்ற அணிக்குச் சோறு போடாது என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வகையில் எங்கள் தொழிலே கொஞ்சம் தடுமாறுகிறது, இதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் கொடி கனமாகிவிடும். உள்ளே கொஞ்சம் மணலோ பயறோ வைத்துத் தைத்த ஒரு சின்ன மஞ்சள் துணிதான், ஆனாலும் கனமாகிவிடும். 'ஆட்டக்காரர்களே ஜெயிக்கட்டும், நாம் முடிவு செய்யக்கூடாது' என்று ஒரு நல்ல எண்ணம் குறுக்கே வரும். அந்த நல்ல எண்ணம் டிஃபெண்டருக்குச் சாதகமாக முடியும் என்பதை நாம் யோசிப்பதில்லை. கொடி போடாமல் இருப்பதும் ஒரு தீர்ப்புதான், சத்தம் இல்லாத தீர்ப்பு. என்எஃப்எல்லில் தண்டனை பெரிதாக இருப்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், நிரூபிக்க என்னிடம் கணக்கு இல்லை. 15 யார்டு கொடி என்றால் கை தாராளமாகப் போகும், 45 யார்டு கொடி என்றால் கை ஒரு கணம் நிற்கும். மனிதக் கைதானே.

2013 பிப்ரவரியில் என்எஃப்எல் சாம்பியன்ஷிப்பான சூப்பர் பௌலில் பால்டிமோர் ரேவன்ஸ் 34-31 என்று சான் பிரான்சிஸ்கோவை வென்றபோது, கடைசி நாலாவது டவுனில் ரேவன்ஸின் ஜிம்மி ஸ்மித்துக்கும் சான் பிரான்சிஸ்கோ ரிசீவர் மைக்கேல் கிராப்ட்ரிக்கும் இடையே கைகலப்பே நடந்தது. கொடி இல்லை. பத்து வருடம் கழித்து 2023 பிப்ரவரி 12 சூப்பர் பௌலில் ஈகிள்ஸும் சீஃப்ஸும் 35-35 என்று நிற்க, 1:54 நிமிடம் மிச்சம் இருக்கையில் ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரிக்கு ஹோல்டிங் கொடி. சீஃப்ஸ் நேரத்தைக் கரைத்து, எட்டு நொடி இருக்கும்போது ஃபீல்ட் கோல் (மூன்று புள்ளி தரும் உதை) அடித்து 38-35. "இத்தனை நேரம் விட்டுவிட்டு இப்போது ஏன்?" என்று பாதி அமெரிக்கா கத்தியது. பிராட்பெரியோ, நான் சட்டையை இழுத்தது உண்மை, விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? கடைசி நேரத்தில் நாங்கள் விட்டுவிடுவோம் என்று எல்லா டிஃபெண்டர்களுக்கும் தெரியும். அந்தக் கொடியை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்லவேண்டுமானால் அதற்கு முந்தைய இருபது கடைசி நிமிடங்களைச் சொல்லவேண்டும்.

கொடி விழுந்தபிறகு எடுத்துவிட்ட கதையும் உண்டு. 2015 ஜனவரி 4, டல்லஸில் டெட்ராய்ட் லயன்ஸ் 20-17 முன்னிலை. லயன்ஸ் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்ட் எறிந்த பந்துக்குப் போன பெட்டிக்ரூவின் மேல் டல்லஸின் ஆன்டனி ஹிட்சென்ஸ் முகம் காட்டி மோதினார், திரும்பிப் பந்தைப் பார்க்கவே இல்லை. கொடி விழுந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தும்விட்டார்கள். அப்புறம் நடுவர்கள் கூடிப் பேசிக் கொடியை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து லயன்ஸ் உதைத்த பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதை) 10 யார்டுதான் போனது, டல்லஸ் 24-20 என்று ஜெயித்தது. வேறு கோணத்திலிருந்து பார்த்த சக நடுவர் 'மோதல் அவ்வளவு இல்லை' என்று சொல்லும்போது கொடியை எடுப்பதில் தவறே இல்லை, நாங்களும் செய்வோம். ஆனால் முதலில் பேசிவிட்டு அப்புறம் அறிவிப்பது என்பது சின்னப் பிள்ளைகள் ஆட்டத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

வீடியோவைப் பற்றிக் கேட்டீர்கள். அதை அவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸில் என்எஃப்சி இறுதி, செயின்ட்ஸும் ராம்ஸும் 20-20. 1:49 மிச்சம், மூன்றாவது டவுன், ராம்ஸின் 13 யார்டு கோடு. செயின்ட்ஸின் டிரூ பிரீஸ் ஓரமாக டாமிலீ லூயிஸுக்கு எறிகிறார். ராம்ஸின் நிக்கல் ரோபி-கோல்மன் பந்து வருவதற்கு முன்பே, பந்தைப் பார்க்காமலே வந்து லூயிஸைத் தூக்கி எறிகிறார். அருகில் இரண்டு நடுவர்கள். கொடி இல்லை. கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி நொடியில் உதைத்து ஜெயித்திருக்கும். நடந்தது என்னவென்றால், செயின்ட்ஸ் மூன்று புள்ளி, ராம்ஸ் பதிலுக்கு மூன்று, கூடுதல் நேரத்தில் 57 யார்டு உதையில் ராம்ஸ் 26-23. தான் சீக்கிரம் வந்து மோதியதை ரோபி-கோல்மனே மறைக்கவில்லை. தலையால் முட்டியதற்கு அவருக்குப் பிறகு அபராதமும் விழுந்தது. நான் பார்த்ததிலேயே இதற்கு மட்டும் எந்தப் பக்கமிருந்தும் சமாதானம் சொல்ல முடியாது. புத்தகத்தில் உள்ள தவறுகளில் இரண்டு மூன்று ஒரே நொடியில் நடந்தன.

அந்தக் கோபத்தில், அந்த வருடம் மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 31-1 என்று வாக்களித்து, இன்டர்ஃபியரன்ஸை வீடியோ மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்தார்கள். விழுந்த கொடி, விழாத கொடி இரண்டுமே. எதிர்த்தது சின்சினாட்டி பெங்கால்ஸ் மட்டும். ஒரே ஒரு சீசன் ஓடியது. நவம்பரில் ஹூஸ்டன்-பால்டிமோர் ஆட்டத்தில் எண்ட் ஸோனில் பால்டிமோரின் மார்லன் ஹம்ஃப்ரி, ஹூஸ்டனின் டியாண்ட்ரே ஹாப்கின்ஸின் மேல் பந்து வருவதற்கு முன்பே கை போட்டதற்குக் கொடி இல்லை என்று ஹூஸ்டன் பயிற்சியாளர் சவால் விட்டார், அதாவது வீடியோவைப் பார்க்கச் சொன்னார். தெளிவான காட்சி. நியூயார்க்கில், லீக் அலுவலகத்தில் திரை முன் உட்கார்ந்தவர்கள் தீர்ப்பை மாற்றவில்லை. அதைவிடச் சின்னதை வேறு ஆட்டங்களில் மாற்றியிருந்தார்கள். பயிற்சியாளர்களுக்கு எதைச் சவால் விடுவது என்றே புரியாமல் போயிற்று. 2020இல் அந்த விதியை நீட்டிக்காமல் கைவிட்டார்கள்.

ஏன் தோற்றது? கேமரா 'பட்டதா' என்பதற்குப் பதில் சொல்லும், 'கெடுத்ததா' என்பதற்குச் சொல்லாது. பந்து கோட்டைத் தாண்டியதா, கால் வெளியே பட்டதா என்பதெல்லாம் வீடியோவுக்கு ஏற்ற கேள்விகள். இன்டர்ஃபியரன்ஸில் மைதானத்தில் இருந்த சந்தேகத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் நியூயார்க்கில் இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். அதோடு மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லா மோதலும் வேண்டுமென்றே செய்த மாதிரி தெரியும். தோளில் லேசாகப் பட்ட கை நாலு நொடி அங்கேயே தங்கியிருக்கிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டு டிவியில் நானே ரிமோட்டை வைத்து நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்து, 'கொடி' என்று தீர்மானித்து, பிறகு இயல்பான வேகத்தில் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று மாற்றிக்கொண்டதுண்டு. செயின்ட்ஸ் மாதிரி அப்பட்டமான ஒன்றிரண்டுக்கு மட்டும் மேலேயிருந்து ஒருவர் குரல் கொடுக்கலாம் என்பதை நான் ஆதரிப்பேன். ஆனால் 'அப்பட்டம்' என்பதற்கு யார் கோடு போடுவது என்று கேட்டால் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவோம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். அளவுகோலை நகர்த்துகிறவர்கள் பெரும்பாலும் மைதானத்தில் இருப்பதில்லை. 1978இல் ரிசீவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடாதே என்று விதி வந்தது. பிட்ஸ்பர்கின் மெல் பிளவுண்ட் ரிசீவர்களை வழி முழுக்க அடித்து நொறுக்கிக்கொண்டு போவார் என்பதால் அதற்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. பிறகு மெல்ல மெல்ல எல்லோரும் தளர்த்திக்கொண்டார்கள். 2004 ஜனவரியில் நியூ இங்கிலாந்து, இண்டியானாபொலிஸின் ரிசீவர்களைப் பிடித்து இழுத்தே 24-14 என்று ஜெயித்தது, டை லா மட்டும் மூன்று பந்தைப் பறித்தார். புகார் மேலே போனது. அடுத்த சீசனுக்கு முன் 'இதைக் கறாராகப் பாருங்கள்' என்று நடுவர்களுக்கு உத்தரவு. விதியில் ஓர் எழுத்து மாறவில்லை, கொடி மட்டும் கூடியது. அந்த சீசனில் இண்டியானாபொலிஸ் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் 49 டச்டவுன் பாஸ் எறிந்து அன்றைய சாதனையை முறியடித்தார். முழுக்க இந்த உத்தரவால் என்று சொல்லமாட்டேன், அவர் மேனிங். ஆனாலும் நடுவர்கள் ஒரு வருடம் ஒரு மாதிரி, மறு வருடம் ஒரு மாதிரி என்று நீங்கள் திட்டும்போது, அந்தத் திட்டில் பாதியைச் சொன்னபடி செய்தவனுக்குக் கொடுத்து, மீதியைச் சொன்னவனுக்கு அனுப்பிவைத்தால் நல்லது.

பணம்? என்எஃப்எல்லில் ஒவ்வொரு நடுவருக்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். பிளேஆஃப் வேலை அதைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. வேண்டுமென்றே செய்தால் முதலில் தெரிவது அங்கேதான். அதற்காக உலகத்தில் நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்யமாட்டேன், கூடைப்பந்தில் என்பிஏ நடுவர் ஒருவர் பந்தயக்காரர்களுக்குத் துப்புக் கொடுத்து 2007இல் மாட்டிக்கொண்டார். ஆனால் நீங்கள் சுட்டிய மாதிரியான மாறுபாட்டுக்குச் சதி தேவையில்லை. இருபது யார்டு தூரம், அரை விநாடி, நடுவில் ஒரு முதுகு, இவை போதும்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள். பந்து கிளம்பியதும் பந்தைப் பார்க்காதீர்கள், ரிசீவரின் இடுப்பையும் டிஃபெண்டரின் கையையும் மட்டும் பாருங்கள். டிவிக்காரர்கள் பந்தின் பின்னாலேயே போவார்கள், அதனால் வீட்டில் கஷ்டம். பக்கத்துப் பள்ளி ஆட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய், எண்ட் ஸோனுக்குப் பின்னால் வேலி ஓரமாக நின்று பாருங்கள். பத்துப் பாஸில் எத்தனை தடவை உங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வியின் கடைசி வரியில், இப்படியெல்லாம் செய்துவிட்டு நீங்கள் எப்படித்தான் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறீர்களோ என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரப் பதினொன்றரை ஆகிவிடும். மனைவி எடுத்து வைத்த சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிடுவேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் வீடியோ வந்திருக்கும். காபி போடுவதற்கு முன்பே திறந்துவிடுவேன். நான் எறிந்த கொடிகளை அப்புறம்தான் தேடுவேன். முதலில் தேடுவது, கை இடுப்பு வரை போய்த் திரும்பி வந்ததே, அந்த ஒன்றை.